மழைநாட்டு வேலியும் படலையும்

நமுனுகுல என்னும் பெயருக்குச் சிங்கள மொழியில் ஒன்பது சிகரங்கள் என்று பொருள். 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கும் இம்மலையைச் சுற்றிப் பதுளை, பசறை, ஸ்பிரிங்வெலி ஆகிய ஊர்ப்புறங்களில் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. பள்ளங்களில் வயல்களும், லயங்களையும் வீடுகளையும் அடுத்து மரக்கறித் தோட்டங்களும் உள்ளன. இப்பகுதிக்குப் பெருமழை ஐப்பசி முதல் தை வரை, வடகீழ்ப் பருவக் காற்றை ஒட்டி வருகின்றது. சித்திரையிலும் இடியோடு மழை பெய்வதுண்டு. ஆனி முதல் புரட்டாதி வரை மழை குறைந்து, மேற்கே மலைகளைக் கடந்து வரும் வறண்ட காற்று பலமாக வீசும். ஊவாத் தேயிலைக்குப் புகழ் தந்த மணம் உண்டாவதும் இக்காற்றுக் காலத்திலேயே.

ஆகவே இங்கு நாட்டப்படும் வேலி, ஆண்டில் ஒரு பகுதி ஈரத்தையும் மறுபகுதி காற்றையும் தாங்குதல் வேண்டும். முதல் மாரியில் நிமிர்ந்து நின்ற வேலி, இரண்டாம் மூன்றாம் மாரியில் சாய்ந்து கிடப்பதைக் கமக்காரர் பலரும் கண்டிருப்பர். அவ்வாறு கெடுவதற்குக் காரணங்கள் மூன்று: கால்களின் அடி உக்கிப்போதல், மழைநீர் வேலியில் மறிபடுதல், இடைவெளியற்ற வேலியைக் காற்றுத் தள்ளுதல். இம்மூன்றையும் மனத்திற் கொண்டால், வேலி அமைப்பதற்குரிய விதி ஒன்றே என்பது புலனாகும். நீருக்கும் காற்றுக்கும் வழிவிடும் வேலியே மலைநாட்டில் நிலைக்கும்.

எல்லையும் அளவும்

வேலை தொடங்குமுன் காணியின் வரைபடத்தை எடுத்து எல்லைக் கற்களைத் தேடிக் கண்டுகொள்ளல் வேண்டும். அயலவரையும் உடன் அழைத்து, கல்லுக்குக் கல் கயிறு பிடித்து இருவரும் ஒப்புக்கொண்ட பின்னரே குழி தோண்டத் தொடங்குவது நன்று. எல்லைபற்றிப் பிணக்கு எழுமாயின், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் அதனைச் செலவின்றித் தீர்த்துக்கொள்ள உதவும். மதில் கட்ட எண்ணுவோர் பிரதேச சபையின் விதிகளையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

தோட்டப் பகுதிகளில் அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி வழங்கப்பட்டு வந்துள்ளது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடியாகும். அது சதுரமாக இருப்பின் ஒரு பக்கம் 44 அடிக்குச் சற்றுக் குறையும். சுற்றளவு ஏறத்தாழ 175 அடி வரும். படலைக்கு 4 அடி விட்டால் எஞ்சுவது 171 அடி. மூன்றடிக்கு ஒரு கதியால் வீதம் நாட்டினால் ஏறக்குறைய 57 கதியால்கள் வேண்டும். நான்கு வரி கம்பி இழுப்பதானால், கட்டுக்கும் முறுக்குக்கும் சேர்த்து 750 அடிக் கம்பி போதுமானது. இக்கணக்கை முதலிலே போட்டுக்கொள்பவர் பாதியில் பொருள் தட்டுப்பட்டு, கிடைத்த தகரத்தையும் பலகையையும் கொண்டு வேலியை முடிக்க நேராது.

கால் உக்கும் இடம்

மரக்கால் முழுவதும் ஒரேயளவாக உக்குவதில்லை. நிலமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் பகுதியே முதலில் கெடும். மரத்தை உக்கச்செய்யும் பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நிலமட்டத்துக்கு மேலே ஈரம் விரைவில் உலர்ந்துவிடும். மண்ணின் ஆழத்தில் காற்றுக் குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் நிலமட்டமே. கறையானும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே தொடங்கும்.

வெள்ளை மரப்பகுதி விரைவில் உக்கும். வைரம் நெடுநாள் நிற்கும். கிரவிலியா, அல்பீசியா, பைனஸ் ஆகியவற்றின் இளங்கால்கள் ஈரமண்ணில் நெடுநாள் நில்லா. மூங்கிலும் அவ்வாறே. பலா வைரம் உறுதியானது. ஆயினும் பலா மரத்தை வெட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை மறத்தலாகாது. எந்த மரமாயினும் பட்டையை உரித்து, நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே நாட்டுதல் வேண்டும். பச்சைக் காலுக்குத் தார் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு அழிவு விரைவுபடும். அடியைத் தீயிற் கருக்கி நடும் பழக்கம் பலரிடம் உண்டு. கரி மெல்லிய படையாதலின், அதில் விழும் வெடிப்புகளின் வழியே ஈரம் உட்செல்லும். அதனை நம்பி மற்றக் காப்புகளைக் கைவிடுதல் தகாது. கழிவு எஞ்சின் எண்ணெய் பூசுவது மண்ணுக்குக் கேடு. மரக்கறிப் பாத்திக்கு அருகே அதனை அறவே தவிர்த்தல் வேண்டும்.

ஆறரை அடிக் காலுக்கு இரண்டடி ஆழக் குழி தகும். குழியின் அடியில் ஒரு கையளவு உடைகல்லைப் போட்டு, அதன்மேல் காலை நிறுத்தி, மண்ணும் கல்லுமாகச் சிறிது சிறிதாக இட்டு இடித்து இறுக்குதல் வேண்டும். காலைச் சுற்றிச் சீமெந்துக் கலவையைக் கிண்ணம்போல் ஊற்றினால் அக்கிண்ணத்தில் நீர் தேங்கிக் கால் அதனுள்ளேயே உக்கும். சீமெந்து இட்டே ஆக வேண்டுமாயின் அடியைக் கல்லின்மேல் திறந்தபடி விட்டு, மேற்புறத்தை நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி, நீர் வழிந்தோடும்படி வெளிநோக்கிச் சாய்வாக மெழுகுதல் வேண்டும். காலின் தலையையும் சாய்வாகச் சீவிவிட்டால் மழைநீர் உள்ளிறங்காது.

உயிர்வேலி

இத்தனை பாடும் உக்கும் காலுக்கே. உயிருள்ள கால் உக்குவதில்லை. ஆண்டுதோறும் வேரூன்றிப் பலப்படும். ஆதலின் மழை மிகுந்த நாட்டில் உயிர்வேலியே சாலச் சிறந்தது.

பதுளை, பசறைப் பள்ளங்களுக்கும் நடுத்தர உயரங்களுக்கும் ஏற்றது கிளிரிசிடியா. சீமைக் கிளுவை என்றும் இதற்குப் பெயருண்டு. சிங்களத்தில் இதனை வழங்கும் பெயர்களுள் ஒன்றிலேயே வேலி என்னும் சொல் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இம்மரத்தைத் தேயிலை, தெங்கு, இறப்பர் ஆகியவற்றை அடுத்து நான்காவது தோட்டப்பயிராக அரசாங்கம் 2005இல் அறிவித்தது. ஆயினும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடிக்கு மேற்பட்ட குளிர்ந்த சரிவுகளில் இது செழிப்பதில்லை. அங்கே, தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்பட்டு வந்த டடாப் எனப்படும் முருக்கு மரத்தின் தடிகளை நடுதல் பொருந்தும்.

ஐந்து முதல் ஆறு அடி நீளமும், இரண்டு முதல் மூன்று அங்குலப் பருமனும் உள்ள முற்றிய தடிகளைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். பச்சைநிறம் மாறாத இளந்தடி ஆகாது. மேல்முனையையும் கீழ்முனையையும் சாய்வாக வெட்டி, பட்டை நைந்துபோகாமல் காத்து, சில நாட்கள் நிழலில் நிறுத்தி வைத்தபின் நடலாம். தடியை மண்ணில் அடித்து இறக்கினால் பட்டை கிழியும். ஆதலால் அலவாங்கால் முன்னரே குழி செய்து, ஓரடிக்குக் குறையாமல் இறக்கி, மண்ணை மிதித்து இறுக்குதல் வேண்டும். நடுவதற்கு உகந்த காலம் ஐப்பசி மழை தொடங்கும் நாட்கள். சித்திரை மழையிலும் நடலாம். ஆனால் அதன்பின் வரும் காற்றுக் காலத்தில் வேர் பிடிக்காத தடிகள் காய்ந்துபோகக்கூடும்.

தடிகளின் இடையே ஆடாதோடையைப் பதிவைத்தால் அடி அடைபடும். ஆடும் மாடும் அதனை மேய்வதில்லை. வீட்டு முகப்பில் செவ்வரத்தை நடுவது அழகும் தரும். உண்ணிச்செடியை வேலிக்கு நடுதல் கூடாது. அது காடாகப் பரவும். மாடு தின்றால் நஞ்சாகும்.

மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலியைக் கத்தரித்தல் வேண்டும். வெட்டிய கிளிரிசிடியா இலை வயலுக்கும் பாத்திக்கும் சிறந்த தழைப்பசளையாகும். உலர்ந்த இலையின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு வரை நைதரசன் உண்டு. நாற்று நடுவதற்கு இரண்டு வாரம் முன்னதாக வயற்சேற்றில் மிதித்துவிட்டால் இலை அழுகிப் பயிருக்கு உதவும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாடவைத்துக் கொடுக்கலாம்; இரைமீட்காத பிராணிகளுக்கு அது ஆகாது. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் வேலியிற் கழித்த பழைய பனையோலையைத் தோட்டத்து மண்ணிற் புதைத்துப் பசளையாக்கி வந்தனர். வறண்ட நாட்டுக்குரிய ஓலைவேலி இம்மலைமழையில் நில்லாது; எனினும் வேலியை நிலத்துக்கே திருப்பிக் கொடுக்கும் அறிவு இங்கும் பயன்படும்.

கத்தரிக்காமல் விட்ட உயிர்வேலி, வேலியே பயிரை மேய்ந்த கதையாக முடியும். நிழல் விழுந்த பாத்தியில் போஞ்சியும் கோவாவும் தேறமாட்டா. முதற் பாத்தியை வேலியிலிருந்து மூன்றடி தள்ளி அமைத்து, இடையில் ஆண்டுக்கு ஒருமுறை ஓரடி ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டி வேரைத் துண்டித்து வந்தால் இக்குறை நேராது.

கம்பியும் ஆணியும்

தடிகள் வேர்பிடித்து உறுதிப்பட ஆறு மாதமேனும் செல்லும். அதற்கு முன் கம்பியை இழுத்துக் கட்டினால் தடிகள் அசைந்து பட்டுப்போகும். கம்பியை மரத்தைச் சுற்றிக் கட்டுதல் பெருந்தவறு. மரம் பருக்கும்போது கம்பி பட்டையை நெரித்து மரத்தைக் கொல்லும். மரத்தின்மேல் ஒரு சிறு பலகைத் துண்டை ஆணியால் அறைந்து, அதிலே கம்பியைப் பொருத்துதல் வேண்டும். மரம் பருத்தாலும் பலகையை மாற்றி அடிக்கலாம்.

கம்பி, ஆணி, பிணைச்சல் ஆகிய மூன்றும் நாகம் பூசியவையாக இருத்தல் நன்று. நாகம் முதலில் தேய்ந்து உள்ளிருக்கும் இரும்பைக் காக்கும். நல்ல கம்பியிற் சாதாரண ஆணியை அடித்தால், ஆணி துருப்பிடித்து அறுந்து வேலி தளரும். கம்பியின் இழுவை முழுவதையும் தாங்குவது மூலைக்கால்களே. அவற்றை மூன்றடி ஆழத்தில் நாட்டி, கம்பி இழுக்கும் திசையில் சாய்கால் கொடுத்தல் வேண்டும்.

தகரத்தை நெருக்கி அடைத்த வேலி, ஆடி மாதக் காற்றில் பாய்போல் விரிந்து கால்களைப் பிடுங்கும். மறைப்பு வேண்டுமாயின் பலகைகளிடையே ஓரங்குலம் விட்டு அடிப்பது தக்கது. காற்றும் செல்லும், மழைக்குப்பின் மரமும் விரைவில் உலரும்.

சரிவில் வேலி

மலைச்சரிவில் வேலி இரு திசையில் ஓடும். சரிவுக்குக் குறுக்கே ஓடுவது ஒன்று. மேலிருந்து கீழ் இறங்குவது மற்றொன்று. குறுக்கே ஓடும் உயிர்வேலி, வழிந்துவரும் மண்ணைப் பிடித்து நாளடைவில் ஒரு படிக்கட்டு நிலத்தை உண்டாக்கும். அதன் மேற்புறத்தில் ஒரு வடிகானை வெட்டி, மெல்லிய சாய்வோடு இயற்கையான நீரோடைக்கு இட்டுச்செல்லுதல் வேண்டும். தன் காணி நீரை அயலவர் வீட்டின்மேல் திருப்பிவிடுவது வேலிப் பிணக்குகளுள் மிகக் கொடியதை உண்டாக்கும்.

குறுக்கே மதிலோ தகரமோ அடைத்தால் சிறிய குளம்போல் நீர் மறிபட்டு, ஒருநாள் மதிலோடு சேர்ந்து இறங்கும். மண்ணைத் தாங்கும் மதிலுக்கு அடியிலும் நடுவிலும் நீர் கசியத் துவாரங்கள் விட்டு, பின்புறத்தில் உடைகல் நிரப்புதல் கட்டாயம். மதிலை வீழ்த்துவது பெரும்பாலும் மண்ணின் பாரத்தோடு சேர்ந்து அதன் பின்னே தேங்கும் நீரே.

மேலிருந்து கீழ் இறங்கும் வேலியை ஒட்டி மக்கள் நடப்பது வழக்கம். நடைபாதை வாய்க்காலாகி, வாய்க்கால் பள்ளமாகி, கால்களின் வேரை வெளிக்காட்டும். அவ்வழியில் ஐந்து அல்லது ஆறு அடிக்கு ஒரு வரிசையாக வெட்டிவேரைக் குறுக்கே நட்டால் நீரின் வேகம் தணியும். அதன் வேர் ஆழச்சென்று மண்ணை இறுக்கும்.

படலை

வேலியில் முதலிற் கெடுவது படலை. தோட்டங்களில் கேட்டு என வழங்குவதும் இதுவே. வீட்டுப் படலைக்கு நான்கடி அகலம் போதும். மூட்டையைத் தோளிற் சுமந்தவரும் தள்ளுவண்டியும் செல்லலாம். இருசில்லு உழவு இயந்திரம் செல்லும் வயற்படலைக்கு எட்டு முதல் பத்து அடி வேண்டும். அதனை இரு கதவாக அமைத்தல் நன்று.

காணியின் மிகத் தாழ்ந்த இடத்தில் படலையை வைத்தால் அதுவே நீர்வாயிலாகும். சற்று உயர்ந்த இடத்தைத் தெரிந்து, பாதையில் வரும் நீர் உட்புகாதபடி படலைக்கு மேற்புறத்தில் ஒரு குறுக்கு வடிகான் வெட்டுதல் வேண்டும். கதவின் அடிக்கும் நிலத்துக்கும் இடையில் நான்கு அங்குலம் விடுக. கோழி வெளியேறுமாயின் அவ்விடைவெளியில் பழைய டயர்ப் பட்டையைத் தொங்கவிடலாம். சரிவில் அமைந்த படலை கீழ்ப்பக்கமாகத் திறத்தல் வேண்டும். மேற்பக்கமாகத் திறந்தால் அடி நிலத்தில் முட்டும்.

மரம் மாரியில் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். காற்றுக் காலத்தில் சுருங்கும். வறண்ட காலத்தில் இடைவெளியின்றிப் பொருத்திய படலை கார்த்திகையில் திறவாது. ஆதலின் கொளுக்கிப் பக்கத்தில் அரை அங்குலமும், பலகைகளிடையே அரை அங்குலமும் விடுதல் வேண்டும்.

படலை தொங்கிப்போவதைத் தடுப்பது சாய்சட்டம். கீழ்ப்பிணைச்சல் உள்ள மூலையிலிருந்து புறப்பட்டு, எதிர்ப்பக்கத்து மேல்மூலையில் அது முடிதல் வேண்டும். அப்போதே கதவின் பாரம் கீழ்ப்பிணைச்சலின் வழியே காலில் இறங்கும். மாறி அமைத்த மரச்சட்டம் பாரத்தைத் தாங்காமல் மூட்டுகளை இழுத்துப் பிரிக்கும். பிணைச்சல் கால் மற்றக் கால்களிலும் பருத்ததாய், மூன்றடி ஆழத்தில் நிற்றல் வேண்டும். உயிர்மரத்தைப் பிணைச்சல் காலாக்குதல் தகாது. அது பருக்கப் பருக்கக் கதவு நேர்தவறும்.

பன்றியும் கம்பியும்

காட்டுப்பன்றி இறங்கும் இடங்களில் மரக்கறித் தோட்டக்காரரின் துன்பம் பெரிது. ஓரிரவில் ஒரு போகத்தின் உழைப்பு அழிந்துபோகலாம். ஆயினும் வீட்டு மின்னிணைப்பை நேரே வேலிக்கம்பியிற் கொடுப்பது சட்டத்துக்கு மாறானது. ஈரமண்ணில் நிற்கும் மனிதனை அது தொட்ட கணத்திலே கொல்லும். கொழுந்து பறிக்கப் போகும் தாயும், பந்தைத் தேடி வரும் பிள்ளையும் அக்கம்பியை அறியார். விட்டுவிட்டு மெல்லிய அதிர்வு தரும்படி அமைந்த வேலிக் கருவிகள் வேறு. அவற்றையும் உரிய அதிகாரிகளின் அறிவுரையோடும் எச்சரிக்கைப் பலகையோடுமே அமைத்தல் வேண்டும்.

வேலியிற் கம்பிச் சுருக்கு வைப்பதும் தகாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை ஒன்று, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. அடிக்கம்பியை நிலத்திலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இறுக்கி இழுத்து, உயிர்வேலியின் அடியை அடைத்துவிடுதலும், வேலிக்கு வெளியே புதரை வெட்டித் துப்புரவாக வைத்தலும் பெருமளவு உதவும்.

வேலி தரும் எச்சரிக்கை

ஆண்டுக்கு இருமுறை வேலியைப் பார்வையிடுதல் வேண்டும். புரட்டாதியில், மழைக்கு முன், வடிகான்களைத் துப்புரவாக்கி, கால்களின் அடியைக் கத்திமுனையாற் குத்திப் பார்க்க வேண்டும். கத்தி எளிதில் இறங்கினால் அக்காலை மாற்றுக. மாசியில், மழை ஓய்ந்தபின், தளர்ந்த கம்பியை இழுத்து, பட்டுப்போன தடிகளைக் குறித்துவைக்க வேண்டும்.

மழை நாட்களில் மற்றொன்றும் கவனிக்கற்பாலது. ஒரு கால் சாய்ந்தால் அது உக்கியிருக்கலாம். நேராக நாட்டிய கால்கள் பல சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தாலும், நேர்வரி வளைந்தாலும், கம்பி ஓரிடத்தில் விறைத்து ஓரிடத்தில் தொய்ந்தாலும், அது வேலியின் குறையன்று. நிலம் நகர்வதன் அறிகுறியாகலாம். நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரெனக் கலங்கி ஊறும் ஊற்று, இறுகித் திறவாத வீட்டுக் கதவு ஆகியவையும் அவ்வாறானவையே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மக்களோடு மண்ணிற் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோதும் இம்மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது.

அத்தகைய அறிகுறி கண்டால் காலை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருத்தல் கூடாது. பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுதலே முதற்கடமை. அயலவருக்குச் சொல்லி, கிராம உத்தியோகத்தருக்கும், 117 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அறிவித்தல் வேண்டும். வேலியை மறுமாரியிலும் நாட்டலாம். மழை பெய்த மறுநாட் காலையில் படலையடியில் நின்று வேலியின் நேர்வரியைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.